நம் அருகலையில் யார்?

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் திரிங்காப். சரிவெங்கும் காய்கறித் தோட்டங்கள். சற்றுத் தள்ளிய மலைகளில் தேயிலைத் தோட்டங்கள். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியை ஆய்வு செய்தார். அவர் பெயரே இவ்விடத்திற்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் இங்குத் தேயிலைத் தோட்டம் உருவானது. தோட்டத்தை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்தன. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட அந்த வீடுகளில் உப்பும் புளியும் கைமாறின. திருவிழாப் பலகாரமும் கைமாறியது. இன்று கைமாறும் பொருள்களின் பட்டியலில் அருகலையும் சேர்ந்துவிட்டது.

உப்பைக் கொடுத்தால், கொடுத்த கிண்ணம் திரும்பி வரும். அருகலையின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது எங்கே போகும்? யார் கைக்குப் போய்ச் சேரும்? அதனால் கொடுத்தவருக்கு என்ன நேரலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண, திரிங்காப்பில் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம்.

பட்டியலில் பத்துப் பெயர்கள்

மாலை நேரம். வெளியே பனிமூட்டம் இறங்கியிருக்கிறது. நான்காம் படிவ மாணவி ஒருத்தி இணையத்தின்வழி கூடுதல் வகுப்பில் அமர்ந்திருக்கிறாள். ஆசிரியரின் முகம் திரையில் உறைந்து நிற்கிறது. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது.

“இன்றைக்கு மூன்றாவது முறை, அப்பா. வைஃபை இப்படியே நின்று நின்று போகிறது” என்கிறாள் அவள்.

“நம் வீட்டில் என்ன, நான்கைந்து சாமான்தானே ஓடுகிறது? ஏன் இப்படி?” என்று அப்பா கேட்கிறார்.

ரௌட்டர் என்று நாம் அழைக்கும் திசைவிக்கு ஒரு செயலி உண்டு. அதனைத் தன் திறன்பேசியில் திறந்து பார்க்கிறாள் மாணவி. இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் வருகிறது.

“அப்பா, இதில் பத்து இருக்கிறது!”

வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் திரையைச் சுற்றிக் கூடுகிறார்கள். அப்பாவின் திறன்பேசி, அவளுடைய திறன்பேசி, தம்பியின் திறன்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகிய ஐந்தும் பெயரைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகின்றன. மற்ற ஐந்தும் யாருக்கும் புரியவில்லை. ஒன்றில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ குறியீடு. ஒன்றில் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர். ஒன்றில் பெயரே இல்லை.

“யாரோ நம் இணையத்தைத் திருடுகிறார்கள். அந்தக் கோடி வீட்டு அண்ணனாகத்தான் இருக்கும்!” என்கிறான் தம்பி.

“கண்ணால் காணாததைச் சொல்லக்கூடாது, தம்பி. முதலில் நம் வீட்டில் உள்ளவற்றை எண்ணி முடிப்போம்” என்கிறார் அப்பா.

அப்பா சொன்னதே சரியான முதற்படி. பட்டியலில் அறியாத பெயர் ஒன்று இருப்பது ஒரு வினாவேயன்றி, குற்றத்திற்குச் சான்று ஆகாது. அவ்வினாவுக்கான விடை பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

கருவிகளுக்கு ஒரு வருகைப்பதிவு

அருகலையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்னும் அடையாள எண் உண்டு. அது 12 குறிகளால் ஆனது. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும், ஆங்கில நெடுங்கணக்கின் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் அதில் இடம்பெறும். பொதுவாக, அவற்றுள் முதல் ஆறு குறிகள் அப்பாகத்தைத் தயாரித்த நிறுவனத்தைச் சுட்டும். திசைவியின் செயலி அந்த ஆறு குறிகளைக் கொண்டே நிறுவனத்தின் பெயரைக் கண்டறிந்து நமக்குக் காட்டுகிறது.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு கருவியின் பெட்டியில் அச்சிடப்பட்ட பெயர் ஒன்றாக இருக்கலாம். அதனுள் இருக்கும் அருகலைச் சில்லைச் செய்த நிறுவனம் வேறொன்றாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, விலை குறைந்த மின்விளக்குகளும் மின்செருகிகளும் பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகின்றன. ஆனால், அவற்றுள் பலவற்றில் இருப்பது ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் சில்லு. ஆகவே, நாம் வாங்கிய விளக்கு நம் பட்டியலில் அந்நியர் பெயரில் நிற்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒருவர் செல்லும் இடங்களையெல்லாம் அவருடைய திறன்பேசியின் மேக் முகவரியை வைத்துப் பிறர் பின்தொடர முடியும். அதனைத் தடுப்பதற்காக, ஏறத்தாழ 2019, 2020ஆம் ஆண்டுகளிலிருந்து புதிய திறன்பேசிகள் தம் உண்மையான முகவரியை மறைத்து, தற்செயலாக உருவாக்கிய வேறொரு முகவரியைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகிய இயங்குதளங்களுடன் இவ்வழக்கம் பரவியது. இத்தகைய முகவரியிலிருந்து எந்த நிறுவனத்தின் பெயரையும் கண்டறிய இயலாது. எனினும், ஓர் அடையாளம் உண்டு. 12 குறிகளில் இரண்டாவது குறி 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் இவ்வாறு உருவாக்கப்பட்ட முகவரியே.

மேக் முகவரியைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஓர் எளிய வழி இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் வருகையைப் பதிவு செய்வது போல, ஒவ்வொரு கருவியாக அருகலையை அணைத்து, பட்டியலில் எந்தப் பெயர் மறைகிறது என்று பார்க்க வேண்டும். சில திசைவிகள் பட்டியலைப் புதுப்பிக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஆதலால், பொறுமை வேண்டும். மறைந்த பெயருக்கு எதிரே, ‘அம்மாவின் திறன்பேசி’ என்பது போல நாமே ஒரு பெயரைச் சூட்டிவிடலாம். அடுத்த முறை பட்டியலைப் பார்க்கும்போது ஐயம் எழாது.

திரிங்காப் வீட்டிலும் அவ்வாறே செய்கிறார்கள். பெயர் இல்லாமல் இருந்தது அம்மா அண்மையில் வாங்கிய திறன்பேசி. கேள்விப்படாத நிறுவனத்தின் பெயரில் இருந்தது சாமி மேடையில் உள்ள மின்விளக்கு. அது மாலை ஏழு மணிக்குத் தானே எரியும்படி தம்பிதான் அமைத்திருந்தான். அமைத்ததை அவனே மறந்துவிட்டான். குறியீடாகத் தெரிந்தது அம்மாவின் பழைய திறன்பேசி.

“நான் விடியற்காலையில் சாமிப் பாட்டு கேட்பது அதில்தானே, ஐயா! அதையா திருடன் என்றாய்?” என்று பாட்டி பேரனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஐந்தில் மூன்று தெரிந்துவிட்டன. இன்னும் இரண்டு எஞ்சி நிற்கின்றன.

கொடுத்ததும் மறந்ததும்

நான்காவது கருவியின் பெயரை உற்றுப் பார்த்த அம்மா, “இது பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அல்லவா?” என்கிறார். அப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வருகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் இணையத்தின்வழி வீட்டுக்கு வந்தது. இணையம் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் தவித்தார்கள். மலைப்பகுதிகளிலும் தோட்டப்புறங்களிலும் அலைவரிசை கிடைக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அந்நாளில் பக்கத்து வீட்டு அக்காள் வந்து, “தம்பிக்கு வகுப்பு இருக்கிறது, அண்ணே. உங்கள் லைனைக் கொஞ்சம் கொடுக்க முடியுமா?” என்று கேட்டிருந்தார். அப்பாவும் மறுக்காமல் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அது தவறான செயல் அன்று. ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கை கொடுத்த செயல் அது.

ஆனால், அதன்பின் பல ஆண்டுகள் கடந்தும் அதே கடவுச்சொல்லே இருந்தது. அந்தத் தாள் எங்கே போயிற்று, அதை யார் யார் பார்த்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. திறன்பேசிகள் பலவற்றில் கடவுச்சொல்லை ஒரு கட்டப்படமாக மாற்றி, மற்றவர் வருடி எடுத்துக்கொள்ளும்படி காட்டும் வசதியும் உண்டு. ஒருவரிடம் கொடுத்த கடவுச்சொல் ஒரு நொடியில் இன்னொருவருக்குக் கைமாறிவிடலாம்.

ஐந்தாவது கருவி யாருடையது? வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்த பின்பும் அது பட்டியலில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டால், தங்களுடையது இல்லை என்கிறார்கள். அருகலையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மரச்சுவரையும் பலகைத் தடுப்பையும் எளிதில் கடந்து செல்லும். எனவே, அக்கருவி வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்தடுத்த வீடுகளில் எங்கும் இருக்கலாம்.

“வேகம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதானே? போகட்டும் விடு” என்கிறார் பாட்டி. இரக்கமுள்ள பேச்சுத்தான். எனினும், குறைவது வேகம் மட்டுமா?

ஒரே முகவரியின் பொறுப்பு

முன்பெல்லாம் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தனித்தனி அஞ்சல் முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கு வரும். கிராணி அவற்றைப் பிரித்துக் கொடுப்பார். வெளியே இருப்பவருக்குத் தெரிந்தது தோட்டத்தின் முகவரி மட்டுமே.

வீட்டுத் திசைவியும் அந்தக் கிராணியைப் போன்றதே. வீட்டுக்குள் பத்துக் கருவிகள் இருந்தாலும், பொதுவாக அவை அனைத்தும் வெளியுலகத்தை ஒரே இணைய முகவரியின்வழிதான் அணுகுகின்றன. ஒரு கருவியிலிருந்து மிரட்டல் செய்தியோ அவதூறோ அனுப்பப்பட்டால், வெளியிலிருந்து தேடுவோருக்கு முதலில் கிடைப்பது அந்தச் செய்தியை அனுப்பியவரின் பெயர் அன்று. இணையச் சேவைக்குப் பதிவு செய்தவரின் பெயரே.

இது வெறும் அச்சம் இல்லை என்பதை இந்தியாவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று காட்டியது. 2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர்த் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. காவல்துறையினர் அம்மின்னஞ்சலின் இணைய முகவரியைப் பின்தொடர்ந்து சென்றனர். அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் முடிந்தது. அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன. அவர் கடும் விசாரணைக்கு உள்ளானார். அவருடைய அருகலை சரியான பாதுகாப்பின்றி இருந்ததையும், அதனை வேறு யாரோ பயன்படுத்தி அம்மின்னஞ்சலை அனுப்பியதையும் புலனாய்வு பின்னர் வெளிப்படுத்தியது. குற்றம் செய்யாத ஒருவர், பூட்டப்படாத ஓர் இணைப்பினால் குற்றவாளியைப் போல நிற்க வேண்டியதாயிற்று. அதன் பின்னர், 2009ஆம் ஆண்டில், அருகலை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

நம் நாட்டின் சட்டமும் இதனைப் பற்றிப் பேசுகிறது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இணையச் சேவைக்குப் பதிவு செய்த ஒருவரின் இணைப்பிலிருந்து ஏதேனும் வெளியிடப்பட்டால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அதனை வெளியிட்டவர் அவரே என அனுமானிக்க இப்பிரிவு இடமளிக்கிறது. ‘நான் அனுப்பவில்லை’ என்று மெய்ப்பிக்கும் சுமை பதிவு செய்தவரின் தோளில் விழுகிறது. திரிங்காப் வீட்டில் அந்தத் தோள் அப்பாவுடையது.

மறுபுறமும் உண்டு. பிறருடைய கணினியில் அனுமதியின்றி நுழைவதும், உரிமை இல்லாதவருக்கு அதன் கடவுச்சொல்லைத் தெரிவிப்பதும் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ்க் குற்றங்களாகும். ஆகவே, பிறர் நம்பிக் கொடுத்த கடவுச்சொல்லைப் புலனத்தில் நண்பர்களுக்குப் பகிர்வதை விளையாட்டாக எண்ணக்கூடாது.

பூட்டை மாற்றும் முறை

வீட்டின் சாவி தொலைந்துவிட்டால், அது யார் கையில் இருக்கிறது என்று ஊரெங்கும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை; பூட்டை மாற்றிவிடுகிறோம். அறியாத கருவியைக் கண்டாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

முதலாவது, அருகலையின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மாற்றியவுடன் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். புதிய கடவுச்சொல்லைப் பெற்றவை மட்டுமே மீண்டும் இணையும். கடவுச்சொல் குறைந்தது 8 குறிகள் கொண்டிருக்க வேண்டும். 63 குறிகள் வரை நீளலாம். நீளம் கூடக் கூட அதனை ஊகிப்பது கடினம். தொலைபேசி எண், வாகன எண், பிறந்த நாள் ஆகியவற்றைத் தவிர்த்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து அமைக்கலாம். வீட்டாருக்கு நினைவிலிருக்கும், அந்நியருக்கு எட்டாது.

இரண்டாவது, திசைவியின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். இது அருகலைக் கடவுச்சொல்லிலிருந்து வேறுபட்டது. அருகலைக் கடவுச்சொல் வீட்டின் வாசற்சாவி என்றால், நிர்வாகக் கடவுச்சொல் பூட்டையே மாற்றும் உரிமை. திசைவியின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள தொடக்கக் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடுவோர் பலர். இதனால் விளையும் கேட்டை 2016ஆம் ஆண்டில் உலகம் கண்டது. மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் மாற்றப்படாத கண்காணிப்புக் கருவிகளையும் திசைவிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதன் கையிலிருந்தது ஏறத்தாழ 60 பொதுவான கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் பலரால் அணுக இயலவில்லை. தம் வீட்டுப் படக்கருவி அத்தாக்குதலில் பங்கேற்றதை அதன் உரிமையாளர்களில் பலர் அறிந்திருக்கவே மாட்டார்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு முறையைச் சரிபார்க்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய டபிள்யூஇபி முறையை உடைக்க முடியும் என்பது 2001ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதனைப் பயன்படுத்துவது கதவைச் சும்மா சாத்தி வைப்பதற்குச் சமம்.

நான்காவது, டபிள்யூபிஎஸ் என்னும் விரைவு இணைப்பு வசதியை அணைத்துவிடுவது நல்லது. இதில் 8 இலக்க எண் ஒன்று கடவுச்சொல்லுக்கு மாற்றாகப் பயன்படுகிறது. 8 இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் இருக்கும் என்று தோன்றும். ஆனால், திசைவி அவ்வெண்ணை இரு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. முதல் பாதிக்கு 10,000 வாய்ப்புகள். இரண்டாம் பாதியின் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால் அதற்கு 1,000 வாய்ப்புகளே. ஆக மொத்தம் 11,000 முயற்சிகள் போதும். இக்குறை 2011ஆம் ஆண்டு இறுதியில் வெளிப்பட்டது. வீட்டார் எவ்வளவு நீண்ட கடவுச்சொல்லை அமைத்தாலும், இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் பயனில்லை.

ஐந்தாவது, திசைவியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். கண்டறியப்பட்ட குறைகளைத் தயாரிப்பாளர் சரிசெய்து அனுப்புவதே புதுப்பிப்பு.

சிலர் அறியாத கருவியை மட்டும் தடுத்துவிட்டு நிம்மதி அடைகின்றனர். மேக் முகவரியை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், அதே கருவி வேறு வேடத்தில் மீண்டும் நுழையலாம். அருகலையின் பெயரை மறைத்து வைப்பதும் போதாது; மறைந்த பெயரைக் கண்டறியும் எளிய கருவிகள் இருக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் அறியாத கருவி திரும்பி வந்தால், திசைவியைத் தொடக்கநிலைக்கு மீட்டமைத்து, எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். அதுவும் பயன் தரவில்லையென்றால் இணையச் சேவை நிறுவனத்தை அணுகலாம். நாட்டின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான சைபர்செக்கியூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 உதவிச் சேவையிலும் புகார் அளிக்கலாம்.

கதவும் திண்ணையும்

கடவுச்சொல்லை மாற்றும் முன் அப்பா சற்றுத் தயங்குகிறார்.

“மாற்றினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நின்றுவிடுமே. கொடுத்ததைப் பறித்துக்கொண்டதாக அக்காள் நினைக்க மாட்டார்களா?”

“சொல்லாமல் மாற்றினால்தான் அப்படி நினைப்பார்கள். சொல்லிவிட்டு மாற்றினால் புரிந்துகொள்வார்கள்” என்கிறார் அம்மா.

அம்மாவின் விடையில் அனுபவம் இருக்கிறது. பெரும்பாலான திசைவிகளில் விருந்தினர் அருகலை என்னும் வசதி உண்டு. அதற்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுக்கலாம். பொதுவாக, அதில் இணைபவர் இணையத்தை மட்டுமே பயன்படுத்த முடியும்; வீட்டுக்காரரின் மடிக்கணினியையோ படக்கருவியையோ எட்ட முடியாது. நம் பெரியவர்கள் வந்தவரை எல்லாம் அடுக்களைவரை அழைத்துச் செல்லவில்லை. திண்ணையில் அமர வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். விருந்தினர் அருகலை அத்தகைய திண்ணை. சாமி மேடை விளக்கைப் போன்ற கருவிகளையும் அதிலேயே இணைத்துவிட்டால், அவற்றில் குறை இருந்தாலும் வீட்டின் மற்ற கருவிகளுக்கு ஆபத்துக் குறையும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக்கூடாது. விருந்தினர் அருகலையில் இருப்பவரும் அதே இணைய முகவரியின்வழியாகத்தான் வெளியே செல்கிறார். ஆகவே, அப்பாவின் பொறுப்பு முழுமையாக நீங்கிவிடுவதில்லை. வீட்டுக்கு வெளியே பகிர்வதை இணையச் சேவை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். அனுமதி இருந்தாலும், யாருக்குக் கொடுக்கிறோம், எவ்வளவு காலத்திற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை அப்பா பக்கத்து வீட்டுக்குச் செல்கிறார். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறார். சேவை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்ததையும், சட்டம் சொல்வதையும் எடுத்துக் கூறுகிறார். பையனுக்கு இவ்வாண்டு எஸ்பிஎம் தேர்வு. “தேர்வு முடியும்வரை இந்தப் புதிய கடவுச்சொல் தம்பிக்கு மட்டும். யார் கேட்டாலும் என்னிடம் அனுப்பிவிடு, ஐயா” என்கிறார்.

“சரிங்க, மாமா” என்கிறான் பையன். அவனுடைய அம்மா ஒரு கிண்ணத்தில் வடை கொடுத்தனுப்புகிறார். கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது.

அன்றிரவு மாணவி மீண்டும் பட்டியலைத் திறக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவள் சூட்டிய பெயர் இருக்கிறது: அப்பா, அம்மா, தம்பி, பாட்டியின் பாட்டுப்பெட்டி, சாமி விளக்கு, பக்கத்து வீட்டுத் தம்பி. ஐந்தாவதாக நின்ற அந்த அறியாத கருவி இப்போது இல்லை. அது யாருடையது என்பது அவ்வீட்டாருக்குக் கடைசிவரை தெரியவில்லை. கோடி வீட்டு அண்ணனைச் சந்தேகித்ததை எண்ணித் தம்பி மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறான்.

மாதத்தின் முதல் நாளில் மின்கட்டணத்தைப் பார்ப்பது போல இந்தப் பட்டியலையும் பார்ப்பது என்று அவ்வீட்டில் முடிவு செய்கிறார்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அறியாத பெயர் தோன்றினால் முதலில் எண்ணிப் பார்ப்பார்கள், பிறகு விசாரிப்பார்கள், தேவையானால் பூட்டை மாற்றுவார்கள். பழி சொல்வது அவ்வரிசையில் எங்கும் இல்லை.

சிந்தித்து விடை கூறுக

1. பட்டியலில் இருந்த அறியாத ஐந்து கருவிகளுள் எவை வீட்டாருடையவை? அவர்கள் அதனை எவ்வாறு கண்டறிந்தனர்?
2. வீட்டுத் திசைவியைத் தோட்டத்துக் கிராணியுடன் ஒப்பிட்டிருப்பது ஏன்? விளக்குக.
3. அறியாத கருவியை மட்டும் தடுப்பதைவிடக் கடவுச்சொல்லை மாற்றுவது சிறந்தது என்பதற்குரிய காரணத்தை எழுதுக.
4. ‘பக்கத்து வீட்டாருடன் அருகலையைப் பகிர்ந்துகொள்ளலாமா?’ என்னும் வினாவுக்கு உம் கருத்தைக் காரணங்களுடன் எடுத்துரைத்திடுக.
5. உம் வீட்டு அருகலையில் இணைந்துள்ள கருவிகளைப் பெற்றோர் துணையுடன் கண்டறிந்து பட்டியலிடுக.